என் இடுப்புக்குள் ஒரு கிரீடம்

தலையால் புகழ் பெற்றவர்கள் உலகில் பலர் உண்டு. நாக்கால் புகழ் பெற்றவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் இடுப்புக்குள் ஓடும் ஒரே ஒரு ரத்தக்குழாயால் மருத்துவ அறிவியலை ஒரு முழம் முன்னே தள்ளியவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமை என்பாள் என் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவள். எது வேகமாகப் போனாலும் பிரேக் போடச் சொல்வது அவள் தொழில்.

நானும் சாதாரண ஆள் இல்லை. தரச் சோதனை அலுவலகத்தில் உதவி மேலாளர். ஹெல்மெட், பிரஷர் குக்கர், பிளாஸ்டிக் நாற்காலி என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நாங்கள் அதை முறைப்படி உடைத்துப் பார்ப்போம். உடைய வேண்டிய விதத்தில் உடைந்தால் "தரமான பொருள்" என்று சான்று கொடுப்போம். சான்றிதழோடு சேர்த்துத் துண்டுகளையும் உரியவரிடம் ஒப்படைப்பது எங்கள் நேர்மை.

அப்படி நாங்கள் சான்று கொடுத்த ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு போகும்போதுதான், லாரி சிந்திவிட்டுப் போன மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் தன் கடமையைச் செய்தது. தலையில் ஒரு கீறல் இல்லை. இடுப்புக்கு ஹெல்மெட் இல்லாததால் முன்பக்க இடுப்பெலும்பு விரிசல் விட்டது. தகடு வைத்துத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்கேன் அறை குளிர்சாதனப் பெட்டிபோல் இருந்தது. என்னைப் படுக்க வைத்து, கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து அது. உள்ளே போன மறுநிமிடம் நாக்கில் இரும்பு ருசித்தது. பிறகு இடுப்புக்குக் கீழே ஒரு வெதுவெதுப்பு பரவியது. நாற்பத்தெட்டு வயதில் படுக்கையை நனைத்துவிட்டோமே என்று கூசிப்போனேன். "அப்படித்தான் தோணும், ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க" என்றார் எந்திரத்தை இயக்கியவர். அவர் சொன்னபிறகும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எந்திரம் "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று ஆணையிட்டது. விடச் சொல்வதற்குள் எனக்குக் கண் பிதுங்கிவிட்டது.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, ஸ்கேன் துறையின் தலைவரே ஓடிவந்தார். அதுவரை எந்த டாக்டரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. இவரும் பார்க்கவில்லை. நேராக என் இடுப்பைப் பார்த்தார். பார்வையில் அப்படி ஒரு பாசம்.

"சார், உங்களை மாதிரி ஒருத்தருக்காக எத்தனை நாளாக் காத்துட்டிருக்கேன் தெரியுமா?"

"எனக்கு என்ன டாக்டர்?"

"சொல்றேன். இடுப்புக்குள்ள ரெண்டு ரத்தக்குழாய்க் கூட்டம் இருக்கு. ரெண்டும் பெரும்பாலும் தனித்தனியா அதது வேலையப் பார்த்துட்டுப் போகும். சில பேருக்கு மட்டும் ரெண்டையும் சேர்த்து ஒரு குறுக்குக் குழாய், இந்த முன்னெலும்பு மேலயே ஏறிப் போகும். அதுவும் நூல் கனம்தான் இருக்கும். உங்களுக்கு..." அவர் என் இடுப்பை நோக்கிக் கைகூப்பினார். "உங்களுக்குச் சார்ஜர் வயர் கனம் சார்!"

"அது நல்லதா டாக்டர்?"

"நல்லதாவா? அருமை!"

அந்தக் குழாய்க்குப் பெயர் உண்டா என்று கேட்டேன். பெயரின் முதல் பாதியில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாம் பாதி மட்டும் தெளிவாகக் கேட்டது. கிரீடம்! என் வம்சத்தில் யாரும் கவுன்சிலர்கூட ஆனதில்லை. எனக்குக் கிரீடம்.

அன்று பிற்பகல் என் படுக்கையைச் சுற்றியே ஆய்வுக் கூட்டம் நடந்தது. தலைவர், மடிக்கணினியோடு ஒரு புள்ளிவிவர நிபுணர், அறநெறிக் குழுவிலிருந்து ஒரு பெரியவர். என் போர்வைமேல் பிஸ்கட் தட்டு வைக்கப்பட்டது. இடுப்பின் உரிமையாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு பிஸ்கட் தந்தார்கள்.

தலைவர் கம்பீரமாகத் தொடங்கினார். "நம்ம எந்திரம் எந்த இடுப்புல எந்தக் குழாய் வழி மாறிப் போனாலும் கண்டுபிடிச்சிடும். இது நமக்குத் தெரியும். உலகம் நம்பணுமே? படத்துல இருந்தது உடம்புக்குள்ளயும் இருந்ததுன்னு மூணாவது மனுஷன் ஒருத்தர் சாட்சி சொல்லணும். திறந்து பார்க்கிறவர் அறுவை டாக்டர். அதனால சாட்சி அவர்தான்."

"அப்ப அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுவீங்க, இல்லையா?" என்று கேட்டேன்.

மூவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"சொல்லிட்டா அவர் ஒதுங்கிப் போயிடுவார் சார். ஒதுங்கிப் போயிட்டா, அங்க குழாய் இருந்துச்சுன்னு எப்படி நிரூபிக்கிறது? சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிடாதா? அதனாலதான் இது கண்கட்டு ஆய்வு. அவருக்கு ஒண்ணும் தெரியக் கூடாது."

"தெரியாம திருகாணி போட்டா?"

"போடட்டும்."

"குழாய் அங்கேயே இருக்கே?"

"அதேதான்! அவருக்குத் தானாத் தெரிஞ்சிடும்."

புள்ளிவிவர நிபுணர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தெரியற நேரத்துல எவ்வளவு வெளிய வருதுன்னு மில்லிலிட்டர்ல குறிச்சுக்குவோம். ஒரு அளவுக்கு மேல போனா 'உறுதி'ன்னு எடுத்துக்கலாம். அதுக்குக் கீழ இருந்தா கண்டறிதல் தப்புன்னு அர்த்தம்."

எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் அலுவலகத்தில் இதற்கு உடைப்புச் சோதனை என்று பெயர். குக்கர் வெடிக்குமா என்பதைக் குக்கரிடம் கேட்டால் தெரியாது. வெடிக்க வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படியொரு ஒழுங்கை மருத்துவமனையில் காண்பேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அறநெறிப் பெரியவர் அதுவரை பிஸ்கட்டில் ஆழ்ந்திருந்தார். இப்போது தலையை நிமிர்த்தி, மிகக் கடுமையான கேள்வி ஒன்றை எழுப்பினார்.

"நோயாளியோட அந்தரங்கம் காப்பாத்தப்படுதா?"

"அவரோட ரத்தக்குழாயைப் பத்தி அவரோட அறுவை டாக்டர்கிட்டகூட மூச்சு விடலைங்க" என்றார் தலைவர்.

"அற்புதம்" என்று பெரியவர் அனுமதி வழங்கினார்.

"ஒரு சின்ன சந்தேகம்" என்றார் நிபுணர். "படத்தை நீங்க கீழ வரவேற்பறைப் பெரிய திரையில ஓட விட்டிருக்கீங்களே? அறுவை டாக்டர் பார்த்துட்டா?"

தலைவர் சிரித்தார். "அறுவை டாக்டருங்க வரவேற்பறையப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? கார் நேரா பேஸ்மென்ட். அங்கேயிருந்து டாக்டர் லிஃப்ட். நோயாளிங்க எந்த வழியா வர்றாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது. அவருக்கு நாம அனுப்பற படத்துல எலும்பு மட்டும்தான் இருக்கும். எலும்பு டாக்டருக்கு எலும்பு போதும்."

அவருக்குப் போன அறிக்கையையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். "முன்பக்க இடுப்பெலும்பில் விரிசல். மற்றவை இயல்பு." எத்தனை சுருக்கம்! எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலிக்கே ஒன்பது பக்கம் எழுதுவோம்.

பிறகு என் கட்டிலில் ஒரு பலகை தொங்கியது. "ஆய்வில் உள்ளவர். பேச்சுக் கொடுக்காதீர்கள்." வார்டில் எல்லோரும் என்னை மரியாதையாகத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். வாசல் காவலாளி மாடி ஏறி வந்து "கிரீடம் சார் நீங்கதானா?" என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கீழே திரையில் என் இடுப்பு சிவப்பும் மஞ்சளுமாகச் சுழல்கிறதாம், பின்னணியில் புல்லாங்குழலாம். துடைப்பவர், லாண்டரிக்காரர், மருந்துக்கடைக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் என் குழாய் தெரிந்திருந்தது. என்னை அறுக்கப்போகிறவர் ஒருவரைத் தவிர. இவ்வளவு கட்டுப்பாடான ரகசியத்தை நான் எங்கும் கண்டதில்லை.

மாலையில் மனைவி வந்தாள். பலகையைப் படித்துவிட்டு அதைத் திருப்பி மாட்டினாள்.

"என்னங்க இது?"

நான் கிரீடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கிரீடம்னா தலையிலதானே இருக்கணும்? இடுப்புல எதுக்குக் கிரீடம்?"

"தலையில இருந்தா ஹெல்மெட் போட முடியாதும்மா."

கண்கட்டு ஆய்வையும் விளக்கினேன். சார்ஜர் வயர், சாட்சி, மில்லிலிட்டர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பயிற்சி காரில் அவள் பக்கம் தனி பிரேக் உண்டு. ஆபத்தைக் கண்டால் பிரேக் இல்லாத இடத்திலும் அவள் கால் பிரேக்கைத் தேடும்.

"அதாவது, குழாய் எங்க இருக்குன்னு இவங்களுக்குத் தெரியும்."

"துல்லியமா."

"அறுக்கறவருக்குத் தெரியாது."

"தெரியக் கூடாது. அதுதான் முறை."

"கண்ணைத் திறந்து வெச்சிட்டு ஓட்டற ஆளைத் தயார் பண்றதுக்கே எனக்கு உயிர் போகுது. இவங்க ஓட்டத் தெரிஞ்ச ஆளோட கண்ணைக் கட்டி உட்கார வெக்கிறாங்களா?"

"உனக்கு அறிவியல் புரியல. நாங்க ஹெல்மெட்டை உடைக்கிறதில்லையா?"

"ஹெல்மெட்டுக்குப் பொண்டாட்டி இருக்காளாங்க?"

எங்கள் சோதனைப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. அவள் என் தலையை அங்கும் இங்குமாகத் திருப்பிப் பார்த்தாள். "தலையில அடிபடலைன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டாள். அப்புறம் திடீரென்று என் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கார் கற்றுத்தந்த பதினெட்டு வருடத்தில் நடுரோட்டில் வண்டி நின்றபோதுகூட அழாதவள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "ஆய்வு முடிஞ்சா பேரு வரும்மா" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன்.

மறுநாள் காலை, விளம்பரப் புத்தகத்துக்குப் புகைப்படம் எடுக்க என்னைத் தள்ளுவண்டியோடு வரவேற்பறைக்குக் கொண்டுபோனார்கள். திரையில் நான் சுழன்றுகொண்டிருந்தேன். பார்க்க லட்சணமாகவே இருந்தேன். தலைவர் புதுக் கோட்டு போட்டுவரப் போயிருந்தார். புகைப்படக்காரர் விளக்கு சரியில்லை என்று ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவியைக் காணவில்லை.

அவள் பேஸ்மென்ட்டில் டாக்டர் லிஃப்ட் வாசலில் நின்றிருக்கிறாள். எலும்பு டாக்டர் ஏறியதும் அவளும் ஏறி, மூன்றாவது மாடிப் பொத்தானை அவர் தொடுவதற்குமுன் தரைத்தளப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். கதவு திறந்ததும் அவர் வரவேற்பறையைப் பார்த்து, தவறான கட்டடத்துக்கு வந்துவிட்டவர்போல் விழித்தார்.

"ஒரே ஒரு நிமிஷம் சார். அந்தத் திரையைப் பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கைப்பை தோளிலிருந்து நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"யாரோடதும்மா இது?"

"இன்னிக்கு மத்தியானம் நீங்க அறுக்கப் போறீங்களே, அவரோடது. இதோ படுத்திருக்காரே."

நான் மரியாதைக்காகக் கையைத் தூக்கினேன்.

"ரிப்போர்ட்டுல மற்றவை இயல்புன்னு இருந்துச்சே?"

"உங்களுக்குச் சொல்லக் கூடாதாம் சார். நீங்க கண்ணைக் கட்டின சாட்சியாம். கிரீடம்னு ஏதோ சொன்னாங்க."

"வெறும் கிரீடம்னா சொன்னாங்க?" அவர் குரல் தணிந்தது. "மரணக் கிரீடம்மா அது. அந்தக் காலத்துல தெரியாம அறுத்துட்டு, ரத்தத்தை நிறுத்த முடியாமத் தவிச்ச டாக்டருங்க வெச்ச பேரு. அறுந்தா குழாய் முனை உள்ள இழுத்துக்கும். எங்கேயிருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியாது."

தலைவரின் இருமலுக்கு மருந்து இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது.

டாக்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "இத்தனை மாசமா நான் என் கைதான் போயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. கையிடமே சொன்னார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் ஆய்வின் நேர்த்தியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள், கண்ணை.

மத்தியானம் என்னை அறுத்தார். முதலில் குழாயைத் தேடிப் பிடித்து, இரு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, அதன்பிறகுதான் தகட்டை எடுத்தாராம். கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கால் சும்மா கிடந்தது.

அடுத்த நாள் ஸ்கேன் தலைவர் வந்தார். புதுக் கோட்டுதான், முகம்தான் பழசாகியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டை மாற்றிப் போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க ரத்தமே சிந்தலையாமே?"

"மன்னிச்சிடுங்க டாக்டர்."

"ஒரு டம்ளர்கூட இல்லையாம். இதை எந்தக் கணக்குல சேர்க்கிறது? உங்களை நம்பித்தானே அவ்வளவு செலவு பண்ணித் திரையில போட்டோம்?"

"குழாய் இருந்துச்சுன்னு அவரே பார்த்துக் கட்டியிருக்காரே சார்" என்றாள் மனைவி.

"தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தது செல்லாதும்மா. அது ஒருதலைப்பட்சம்." போகும்போது வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். "நல்ல குழாய். வீணாப் போச்சு."

சில மாதங்களில் ஆய்வு அச்சேறியது. மருத்துவமனைக் கலையரங்கத்தில் பாராட்டு விழா. என்னையும் அழைத்தார்கள், மறக்காமல். முன்வரிசையில் "ஆய்வுக் கொடையாளர்கள்" என்று எழுதி ஏழு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குடும்பத்தினருக்குப் பின்வரிசை. மனைவி எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தேன். யாராவது வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று.

எலும்பு டாக்டரைக் காணோமே என்று புள்ளிவிவர நிபுணரிடம் கேட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். "ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்" என்றார் நிபுணர் வருத்தத்தோடு.

தலைவர் மேடையேறினார். திரையில் ஏழு இடுப்புகள் வரிசையாகச் சுழன்றன. எல்லாவற்றிலும் அந்தக் குறுக்குக் குழாய், பளிச்சென்று.

"ஏழு பேருக்கு நம்ம எந்திரம் முன்கூட்டியே சொல்லுச்சு. அதுல ஆறு பேருக்கு, அறுவை மேசையில, எந்தப் பாரபட்சமும் இல்லாம, சந்தேகத்துக்கு இடமே இல்லாம உறுதியாச்சு!"

அரங்கம் அதிர்ந்தது. ஆறு இடுப்புகளின்மேல் பச்சைக் குறி விழுந்தது. ஏழாவதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. என் இடுப்பை எனக்கு அடையாளம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரே ஒருத்தர்கிட்டதான் சறுக்கிட்டோம்" என்றார் தலைவர், என் பக்கம் பாராமல். "பரவாயில்ல. எந்த ஆய்வுலயும் ஒரு கறுப்பாடு இருக்கும்."

பின்னாலிருந்து மனைவியின் கால் தரையை அழுத்தும் சத்தம் கேட்டது.

நிபுணரின் பக்கம் சாய்ந்து, "மத்த ஆறு பேரும் எங்க சார், இன்னும் வரலையே?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவங்க முடிவுதான் உறுதியாயிடுச்சே சார்" என்றார் அவர். "திரும்ப வரவழைக்க வேண்டிய அவசியமில்ல."

தலைவர் பெருந்தன்மை மிக்கவர். உரையை முடிக்கும்போது கைகளை விரித்து, "வெற்றியோ தோல்வியோ, உடம்பைக் கொடுத்து உதவின நம்ம ஏழு கொடையாளர்களும் ஒரு தடவை எழுந்து நிக்கணும். சபை அவங்களைக் கௌரவிக்கட்டும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஊன்றுகோலை எடுத்து ஊன்றிக்கொண்டு, வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தேன். ஆய்வில் தோற்றுப்போனவன் நான் ஒருவன்தான் எழுந்து நின்றேன்.